இரும்பில் நான், மரத்தில் அண்ணன்

1

இந்த மார்ச் மாதத்தோடு எங்கள் வீட்டுக்கு ஒரு வயது முடிந்தது. வீட்டுக்கெல்லாம் பிறந்தநாள் கொண்டாடும் அளவுக்கு நாங்கள் இன்னும் ஆஸ்திரேலியர்கள் ஆகிவிடவில்லை. இருந்தாலும் என் மனைவி ஸ்டெல்லா கேசரி கிண்டினாள். பிரிஸ்பேனுக்கு மேற்கே, நகரம் அலுத்துப்போய் முடிகிற இடத்தில் எங்கள் வீடு. அங்கிருந்து நகரத்துக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு தூக்கம் போட்டு எழலாம். அந்தப் பஸ்ஸை ஓட்டுகிறவன் நான் என்பதால் எனக்கு அந்த வசதி இல்லை.

வெயில் இறங்கும் நேரம். கேசரி முதல் வாய் உள்ளே போவதற்குள் சுவருக்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம். பிறகு கூரைக்குள் ஒரு 'டொக்'. பிறகு இரண்டும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி மாறி மாறி.

"உங்க ஊடு கூப்புடுதுங்க. என்னன்னு கேளுங்க" என்றாள் ஸ்டெல்லா. அவள் சேலத்துக்காரி. எதற்கும் அசர மாட்டாள்.

எங்களுடையது இரும்புச் சட்ட வீடு. இங்கே வெளியில் தெரிகிற செங்கல் வெறும் சட்டைதான்; உள்ளே நிற்கிற எலும்புக்கூடுதான் வீடு. அந்த எலும்பை மரத்திலும் செய்யலாம், இரும்பிலும் செய்யலாம். நான் இரும்பில் செய்தேன். அது வெயிலில் நீளும், வெயில் போனதும் சுருங்கும், சுருங்கும்போது முனகும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். குடிவந்த முதல் வாரம் தெரியாது. அன்றைக்கு வீடு இடிகிறது என்று முடிவுகட்டி, மனைவியையும் மகளையும் விரட்டிக் கொண்டுபோய் வெளியே புல்தரையில் நிறுத்தினேன். ஒரு கையில் பாஸ்போர்ட்டுகள், இன்னொரு கையில் திரு இருதய ஆண்டவர் படம், இடுப்பில் கைலி என்று நானும் பக்கத்தில் நின்றேன். செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர், ஏதோ இந்தியப் பண்டிகை என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் படத்தோடு சேர்த்துக் கும்பிட்டேன். வேறு என்ன செய்ய?

வீடு கட்டிய கம்பெனிக்கு மின்னஞ்சல் எழுதினேன். சத்தம் ஏற்றுக்கொள்ளத்தக்க அளவுக்குள் இருப்பதாக ஒரு வரியில் பதில் வந்தது. யாருக்கு ஏற்றுக்கொள்ளத்தக்கது என்று அதில் இல்லை.

கேசரி பாதியில் இருக்கும்போதுதான் அண்ணனின் குரல் வாட்ஸ்அப்பில் வந்தது. அண்ணன் லூர்து, அண்ணி பிலோமினாவோடு ஏற்காட்டு மலையில் மாரமங்கலத்தில், எங்கள் அப்பா கட்டிய வீட்டில் இருக்கிறார்.

"டேய் ராஜு, கண்ணு, நல்லாருக்கியா? ஊட்டப் பிரிச்சுப் போட்டுறலாம்னு இருக்கேன்டா. உத்தரம், கைமரம் பூராவும் செல்லு அரிச்சுப் போச்சு. மழைக்கு முன்னால இரும்புச் சட்டம் போட்டு எழுப்பிட்டா உன்ற அண்ணிக்கு மூச்சு நல்லாயிரும். உன்ற பாதியையும் சேர்த்துத்தான் பிரிக்கோணும். ஒரு கையெழுத்து மட்டும் போட்டுத் தாட்டி உடு சாமி. உனக்கும் ஒரு ரூமு, தனி பாத்ரூமோட வெச்சுத் தந்தர்றேன்."

கேசரித் தட்டைக் கீழே வைத்தேன்.

"இரும்பா? அப்பா கட்டுன வீட்டுலயா?" என்று கத்தினேன்.

சுவர் 'டிக்' என்றது.

2

நான் ஏன் இரும்புக்கு மாறினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கொள்கையால் அல்ல. பயத்தால்.

வீடு விற்கும் கம்பெனியின் காட்சிக்கூடத்தில் விற்பனைக்காரர் மேசைமேல் இரண்டு துண்டுகளை வைத்தார். ஒன்று பைன் மரம். மருந்து ஏற்றி நீலமாக இருந்தது. இன்னொன்று துத்தநாகப் பூச்சுப் போட்ட இரும்பு. எங்கள் ஊரில் காட்டினால் 'வளைச்ச தகரம்' என்பார்கள்.

மரம் விலை குறைவு என்றார். எந்தத் தச்சரும் வேலை செய்வார். பிறகு ஒரு சுவரை நகர்த்த வேண்டும் என்றால் ரம்பம் போதும். ஆணி அடித்தால் பிடித்துக்கொள்ளும். இரும்பு நேராக நிற்கும். முறுக்காது, உப்பாது, தீப்பிடிக்காது. ஆனால் சூட்டைக் கடத்தும், அதற்குத் தனியாகத் தடுப்புப் பட்டை ஒட்ட வேண்டும். அலமாரி எங்கே, டிவி எங்கே என்று இப்போதே யோசித்துச் சொல்லிவிட்டால் அங்கெல்லாம் உள்ளே பலகை வைத்துவிடுவார்களாம்.

'இப்போதே' என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு வியர்க்கும். கணக்கியல் படிக்க வந்து பஸ் ஓட்டுகிறவனிடம், பத்து வருடம் கழித்து அலமாரி எங்கே நிற்கும் என்று கேட்டால் எப்படி?

பதற்றத்தில் எனக்கு ஆங்கிலம் நின்றுவிடும். "செல்லு வருமா?" என்று அவரிடம் தமிழிலேயே கேட்டேன். ஸ்டெல்லா தலையில் அடித்துக்கொண்டு மொழிபெயர்த்தாள். கரையானைத்தான் எங்கள் பக்கத்தில் செல்லு என்போம்.

"இந்தப் பகுதியில் நிறைய உண்டு. ஆனால் மருந்து ஏற்றிய மரத்தைத் தொடாது. கீழேயும் தடுப்பு வைப்போம். வருடத்துக்கு ஒரு முறை ஆள் வந்து பார்த்தால் போதும். பயப்பட ஒன்றுமில்லை."

பயப்பட ஒன்றுமில்லை என்று யாராவது சொன்ன பிறகுதான் எனக்குப் பயமே ஆரம்பிக்கும். மாரமங்கலத்தில் ஒரு மழைக்காலம் முடிந்து அலமாரியிலிருந்து குடும்ப பைபிளை எடுத்துத் திறந்தோம். தொடக்கநூல் இருந்தது. விடுதலைப் பயணத்தை முழுக்கத் தின்று முடித்துவிட்டு, செங்கடல் இருக்க வேண்டிய இடத்தில் செம்மண் வைத்திருந்தது செல்லு. வேத புத்தகத்தையே விடாதது என் வீட்டை விடுமா?

"ஏனுங்க, மரத்துக்கே போலாங்க. மிச்சத்துல அடுப்படி மேடைக்கு நல்ல கல்லாப் போட்டுக்கலாம்" என்றாள் ஸ்டெல்லா.

"கல்லைத் திங்க முடியாது."

"ஆமா, இரும்பத்தான் தாளிச்சுத் திங்கப் போறோம்."

இரும்புக்குக் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலையே அண்ணனைக் கூப்பிட்டு, துத்தநாகப் பூச்சின் மகிமையைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்தேன். அவர் 'ம்' கொட்டிக்கொண்டே கேட்டார். அண்ணன் ஒன்றை இவ்வளவு கவனமாகக் கேட்டால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

3

இரும்பு வீட்டில் வாழத் தனிப் பயிற்சி வேண்டும்.

முதலில் கரண்ட் பயம். எங்காவது ஒரு வயர் உரசினால் குடும்பத்தோடு பொரிந்துவிடுவோம் என்று எனக்குப் பட்டது. எலக்ட்ரீசியன் வந்து, சட்டம் முழுவதற்கும் எர்த் கொடுத்திருக்கிறது என்று காட்டிவிட்டுப் போனார். அவர் போன பிறகும் கொஞ்ச நாள் வீட்டுக்குள் ரப்பர் செருப்போடுதான் நடந்தேன். ஜெபத்துக்கு முட்டி போடும்போது மட்டும் கழற்றி வைத்தேன். அந்த நேரத்தில் செத்தால் மோட்சம் உறுதி என்று ஒரு கணக்கு.

அடுத்தது ஆணி. திரு இருதய படத்தை மாட்டப் போனால், சுவர் என்பது வெறும் ஜிப்சம் அட்டை. அடித்த ஆணி இரும்பில் பட்டால் வளைந்தது. இல்லையென்றால், வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கி உள்ளே விழுந்தது. விழுந்தவை இன்னும் உள்ளேதான் இருக்கின்றன. கடைசியில் என் மகள் ரீனா, குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த கங்காரு காந்தத்தை எடுத்துச் சுவரில் தேய்த்துக்கொண்டே போனாள். ஓரிடத்தில் கங்காரு ஒட்டிக்கொண்டது. அந்த இடத்தில் துளை போட்டு, அதற்கென்று இருக்கிற திருகாணியில் ஆண்டவரை மாட்டினோம்.

ரீனா பள்ளியின் கடைசி வருடத்தில் இருக்கிறாள். 'அப்பா' என்பது மட்டும் தமிழில் வரும், மிச்சமெல்லாம் ஆங்கிலம். பெரியப்பாவை 'லூர்து அங்கிள்' என்கிறாள். 'பெரியப்பா என்று சொல் கண்ணு' என்று திருத்தினால், 'யுவர் பிரதர்' என்று மாற்றிக்கொள்கிறாள். அங்கிளே மேல் என்று விட்டுவிட்டேன்.

நான் பஸ் ஓட்டும் சாலை ஒன்றில் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்கின்றன. எங்கள் மலையில் காபிக்கு நிழல் தரும் அதே மரம்தான். அங்கே ஒவ்வொன்றின்மேலும் மிளகுக்கொடி ஏறியிருக்கும். இங்கே கொடியில்லாமல் மொட்டையாக நிற்பதை முதலில் பார்த்தபோது, எஸ்டேட் துரையைத் துண்டோடு பார்த்த மாதிரி கூச்சமாக இருந்தது. இந்த மரத்துக்குச் சொந்த ஊரே இந்தப் பக்கம்தான் என்று ஒரு பயணி சொன்னார். காபித் தோட்டம் போட வந்தவர்கள்தான் எங்கள் மலைக்குக் கொண்டுபோனார்களாம்.

எங்கள் வீட்டுக் கைமரம் முழுக்க சில்வர் ஓக். அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தார். நிழல் மரம் கழிக்கும்போது மலிவாக வாங்கிப் போட்டார். அதாவது ஆஸ்திரேலியாவையே பார்க்காத அப்பா ஆஸ்திரேலிய மரத்தில் வீடு கட்டினார். ஆஸ்திரேலியாவுக்கே வந்த நான் தகரத்தில் கட்டினேன்.

4

அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பா இருக்கும்போதே எங்களுக்குப் பாகம் பிரித்துவிட்டார். எங்கள் பக்கத்து வழக்கப்படி வீட்டை முகட்டில்தான் பிரிப்பார்கள். முகட்டு உத்தரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கயிறு பிடித்து அளந்து, கயிற்றை இரண்டாக மடித்து, நடு விழுகிற இடத்தில் பெரியவர்கள் ஒரு ஆணி அடிப்பார்கள். ஆணிக்கு மேற்கே மூத்தவனுக்கு, கிழக்கே இளையவனுக்கு. பத்திரத்திலும் அப்படியே பதிந்தார்கள். பிரித்த அன்று மதியம் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து கறிச்சோறு தின்றோம். குறுக்கே சுவர் வைக்கவில்லை. நான் விமானம் ஏறிய பிறகு என் பாதியிலும் அண்ணன்தான் விளக்கேற்றினார், ஒழுகினால் ஓடு மாற்றினார்.

அண்ணனின் குரல் செய்தி வந்த அடுத்த ஞாயிறு, அவர்கள் பூசை முடிந்து வந்திருப்பார்கள் என்று பார்த்து வீடியோவில் கூப்பிட்டேன். பதற்றம் வரும்போது நான் நிபுணனாகிவிடுவேன்.

"அண்ணா, யோசிச்சுப் பாருங்கண்ணா. மரம் மூச்சு உடும். இரும்பு உடாது."

"மூச்சு உடறதுக்கு உன்ற அண்ணி ஒருத்தி இருக்காடா. அவளாலதான் முடியல."

"நம்ம மலையில பனி எச்சு. துரு புடிச்சுப் போயிரும்."

"பூச்சுப் போட்டதுதான்டா வருது. போன்ல நீதானே அன்னிக்கு அத்தினி நேரம் பாடம் எடுத்தே? அதக் கேட்டுத்தான் எனக்கே ஆசை வந்துச்சு."

"மழை பேஞ்சா மேல சீட்டுல சத்தம் தாங்காதுங்கண்ணா."

"சத்தந்தானே உள்ள வரும்? இப்ப மழையே வருது."

"சரி, மரத்துலயே புதுசாப் போடுங்க. தோட்டத்துலதான் சில்வர் ஓக் நிக்குதே."

"நம்ம மரத்த நாம வெட்டறதுக்கு ஆபீஸ் ஆபீஸாப் போயி அனுமதி வாங்கோணும். வாங்கி, வெட்டி, மேல ஏத்துனா மறுபடியும் அதே செல்லுதான் திங்கும். தேக்கு வாங்க நான் என்ன எஸ்டேட் ஓனரா? இரும்புன்னா சேலத்துல இருந்து மினி லாரியில வளைவெல்லாம் ஏறி வந்துரும். போல்ட்டுப் போட்டு முடுக்கிட்டுப் போயிருவாங்க."

இதற்குள் அண்ணி திரைக்குள் வந்தார். தோளில் துண்டு, கையில் மூச்சுக்கு உறிஞ்சும் மருந்துக் குப்பி. பின்னால் சுவரில் ஈரம் கறுப்பாக ஏறியிருந்தது. கூரையில் ஓடுகளுக்குக் கீழே நீலத் தார்ப்பாய் தொங்கியது.

"நல்லாருக்கீங்களா தம்பி? ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க ஊட்டுக்கு இரும்பு, எங்க ஊட்டுக்கு மட்டும் மரமுங்களா?"

"இங்க க்ளைமேட் வேறங்க அண்ணி."

"செல்லுங்கூட வேறங்களா?"

அண்ணன் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. "அது அப்பா கட்டுன வீடுங்க" என்றேன், கொஞ்சம் குரலை இறக்கி. இந்த இடத்தில் எல்லோரும் அமைதியாவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"ஆமாங்க. மாமா கட்டுனாரு. நாங்க இருக்கோம்" என்றார் அண்ணி. பிறகு இருமல் வந்து திரையை விட்டுப் போய்விட்டார்.

அவர்களிடம் சொல்லாத ஒன்று இருந்தது. ஓய்வு பெற்றதும் அந்த வீட்டுக்கு வந்து, மழைக்கு உப்பிப்போன கதவை உதைத்துத் திறந்து, உள்ளே உட்கார்ந்து காபி குடிப்பது என் திட்டம். அதற்காக அந்த வீடு அப்படியே நிற்க வேண்டும். அதை நிற்க வைக்கும் வேலையும், அதுவரை அதில் நனையும் வேலையும் அவர்களுடையது.

5

கையெழுத்துப் போடுவது லேசான காரியம் இல்லை என்பதும் உண்மை. என் பாதியைப் பிரித்துப்போட அண்ணனுக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தில், நான் நான்தான் என்று ஒருவர் சான்று சொல்ல வேண்டும். அவர் அவர்தான் என்று இன்னொருவர் முத்திரை வைக்க வேண்டும். பாகப் பத்திரத்தில் நான் 'ச. ஆரோக்கியராஜ் என்கிற ராஜு'. இங்கே உள்ள கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் என் குடும்பப் பெயராகிவிட்டதால் நான் 'திரு. சவரிமுத்து'. பஸ் டிப்போவில் 'சவி'. முத்திரை வைக்கும் ஆபீஸ் கவுண்டரில் இருந்த அம்மாள் இரண்டு தாள்களையும் பார்த்துவிட்டு, "இந்த ராஜு யார்?" என்று கேட்டார்.

"நான்தான்."

"அப்படியானால் சவரிமுத்து?"

"என் அப்பா. நானும்தான்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், இந்த ஆளிடம் பஸ்ஸைக் கொடுத்தது யார் என்ற கேள்வி இருந்தது. வேறொரு உறுதிமொழித் தாளோடு மறுபடி வரச் சொன்னார்.

மறுபடி போயிருக்கலாம். போகவில்லை. அந்த வாரம் ஷிஃப்ட் மாறியது, அடுத்த வாரம் முதுகு வலி, அதற்கடுத்த வாரம் போக மனமில்லை. அண்ணன் கேட்கும்போதெல்லாம் "இங்க ரூல்ஸ் நொம்ப கெடுபுடிங்கண்ணா" என்றேன். ஆபீஸ்காரர்கள் தாமதித்தது கொஞ்சம். அவர்கள் பெயரைச் சொல்லி நான் சேர்த்தது மிச்சம். வெளிநாட்டில் இருப்பதில் இது ஒரு சௌகரியம். நம் மனசில்லாமையை எல்லாம் அரசாங்கத்தின் தலையில் கட்டலாம், ஊரில் நம்புவார்கள்.

ஜூனில் மலையில் மழை ஆரம்பித்தது. அண்ணிக்கு மூச்சு முட்டி, சேலத்துக்கு இறக்கிக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் வைத்துத் திரும்பக் கூட்டிவந்தார்கள். இதை அண்ணன் சொல்லவில்லை. சேலத்தில் இருக்கும் ஸ்டெல்லாவின் தங்கை சொன்னாள்.

அன்று சாப்பாட்டு மேசையில், இரும்பைவிட மரம் எப்படி மேலானது என்று ஸ்டெல்லாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். மரம் பழுதானால் அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றலாம், குளிருக்கு இதம், சத்தம் கிடையாது என்று அடுக்கினேன். மரமே போதும் என்று அன்று ஸ்டெல்லா என்னிடம் சொன்ன வாதத்தை இப்போது அவளிடமே திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரீனா போனிலிருந்து தலையைத் தூக்கி ஆங்கிலத்தில் கேட்டாள்: "அப்பா, அந்த வீட்டில் இப்போது நனைவது யார்?"

"அதுக்கில்ல கண்ணு…"

"யார்?"

"பெரியப்பாவும் பெரியம்மாவும்."

"அப்போ நீங்கள் ஏன் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்?"

தட்டை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள். இவள் நம்மைவிட்டுத் தூரம் போகிறாள் என்று நான் அவ்வப்போது புலம்புவதுண்டு. அன்றைக்கு இன்னும் கொஞ்சம் தூரம் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

மறுநாளே லீவு போட்டு உறுதிமொழித் தாளோடு போய் நின்றேன். இந்த முறை உண்மையாகவே அவர்கள் தாமதப்படுத்தினார்கள். கேட்பதற்கு எனக்கு வாய் இல்லை.

6

ஆகஸ்ட் முழுக்க அண்ணன் கையெழுத்தைப் பற்றிக் கேட்கவில்லை. அவசரம் தணிந்துவிட்டது என்று நினைத்தேன். செப்டம்பர் கடைசியில் அவரே வீடியோவில் கூப்பிட்டார். முகம் தெளிவாக இருந்தது.

"டேய் ராஜு, வேலை முடிஞ்சிருச்சுடா. பாக்கறியா?"

போனைத் திருப்பினார். பளபளவென்று சீட்டுப் போட்ட புது வீடு. வெள்ளைச் சுவர், அலுமினிய ஜன்னல். சின்னதாக, ரயில் பெட்டி மாதிரி இருந்தது. அப்படியே நடந்து வலப்பக்கம் வந்தார். அங்கே எங்கள் பழைய வீடு நின்றது. பாதி.

முகட்டு உத்தரத்தை ஆணி இருந்த இடத்தில் ரம்பம் வைத்து நேராக அறுத்திருந்தார்கள். கேக் வெட்டிய மாதிரி. அறுத்த வாயில் மரம் தெரிந்தது. வெளியே கெட்டியாகவும் உள்ளே சல்லடையாகவும். திறந்து கிடந்த பக்கத்தைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். தகரத்துக்கு மேலே எங்கள் ஓடு, எங்கள் கைமரம், எங்கள் கூரை, ஒன்றும் குறையாமல்.

"உன்ற பாதியத் தொடல. ஒரு ஓடு எடுக்கல. நீ சொன்ன மாதிரியே மரத்துல இருக்கு."

குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

"எனக்கு ஒரு ரூமுன்னு சொன்னீங்களேண்ணா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பதற்றத்தில் எனக்கு வெட்கமும் நின்றுவிடும்.

"ரெண்டு பாதியும் சேர்ந்திருந்தா ரூமு வந்திருக்கும். ஒத்தப் பாதியில எனக்கும் அவளுக்குந்தான் எடம் பத்துச்சு" என்றார். பிறகு அவரே, "சுத்திப் பாக்க வர்றவங்க எல்லாம் காரை நிறுத்தி உன்ற பாதி முன்னாலதான்டா போட்டோ எடுக்கறாங்க. பழங்காலத்து ஊடு, எவ்வளவு அழகுன்னு சொல்றாங்க. என்ற ஊட்ட ஒருத்தனும் எடுக்கல" என்று ஆறுதல் சொன்னார்.

அதே வாரம் முத்திரைகளோடு என் பத்திரம் வந்து சேர்ந்தது. நான் நான்தான் என்று இரண்டு நாடுகள் ஒப்புக்கொண்டிருந்தன. கூப்பிட்டு, இன்றைக்கே அனுப்பட்டுமா என்றேன்.

"இனி எதுக்குடா? நீயே வெச்சுக்க" என்றார் அண்ணன்.

ஸ்டெல்லா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, அங்க ஒரு பாதி ஊடு, இங்க ஒரு பாட்டுப் பாடற ஊடு. ராஜாதாங்க நீங்க" என்றாள்.

7

அக்டோபரில் மலையில் பெருமழை. நான் வழக்கம்போல் பதறினேன். ஓய்வு நேரத்திலெல்லாம் போனில் ஏற்காட்டு வானிலையைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். என் பாதியைப் பற்றித்தான் பயம். இரண்டு பக்கம் தாங்கி நின்ற உத்தரத்தை நடுவில் அறுத்தால் ஒரு முனை அந்தரத்தில் நிற்கும். மழையில் ஓடு ஊறிக் கனம் ஏறினால் மடங்கி விழும். இதற்கு நிபுணன் தேவையில்லை.

கூப்பிட்டேன். அண்ணிதான் எடுத்தார்.

"அண்ணன் தோட்டத்துக்குப் போயிருக்காருங்க தம்பி. சொல்லுங்க."

"மூச்சு எப்படிங்க இருக்கு, அண்ணி?"

"தேவலைங்க. இரும்பு ஊட்டுல சத்தந்தானுங்க, நீங்க சொன்னது நெசந்தான். படபடன்னு அடிக்குது. காஞ்ச எடத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கோம்." அவர் இருமாமல் இவ்வளவு பேசி நான் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"அந்தப் பாதி… நிக்குதுங்களா?"

"நீங்களே பாருங்க" என்று போனை ஜன்னல் வழியே காட்டினார். மழைக்குள் என் பாதி நின்றது. அறுத்த உத்தரத்தின் முனைக்குக் கீழே புதிதாக ஒரு இரும்புக் கம்பம் நட்டு, அதிலிருந்து அண்ணன் வீட்டுச் சட்டத்துக்கு இன்னொரு கம்பி இழுத்து முடுக்கியிருந்தார்கள். புது வீட்டுக்குப் போட்டதில் மிஞ்சிய இரும்பு. நீல நிறத்தில் பெயிண்ட் கூட அடித்திருந்தார் அண்ணன். என் பாதி முழுக் கனத்தையும் அதன்மேல் சாய்த்துக்கொண்டிருந்தது.

நான் கேட்கவே இல்லையே. ஒரு வார்த்தை சொல்லாமல், தன் இரும்பை எடுத்து என் மரத்துக்குக் கொடுத்திருக்கிறாரே மனுசன்.

"அண்ணி…" என்று ஆரம்பித்தேன்.

என் குரல் போகிற போக்கு அவருக்குப் புரிந்துவிட்டது.

"இது விழுந்தா நேரா எங்க சுவத்து மேலதானுங்க தம்பி விழும். அதுக்குத்தான் முட்டுக் கொடுத்தது. பாசம்னு நெனச்சுக்காதீங்க."

"நெனைக்கலைங்க அண்ணி" என்றேன்.

நினைத்துவிட்டிருந்தேன்.